ஆறு வருஷமா லாம்டாவோட மல்லுக்கட்டுறேன் (ஹேலோ ஸ்பின் பாராமீட்டர், யூஸ் பண்ண அனுபவம்)

போன வாரம் ஒரு ஜூனியர் பையன் மெசேஜ் போட்டான், "அண்ணா, ஹேலோ ஸ்பினுக்கு பீபிள்ஸ் லாம்டாவா புல்லக் லாம்டாவா, எதை எடுக்கட்டும்"னு. ஹேலோன்னா கேலக்ஸிய சுத்தி இருக்கற கண்ணுக்கு தெரியாத கரும்பொருள் திரளு, லாம்டான்னா அது எவ்ளோ சுத்துதுன்னு சொல்ற எண், பீபிள்ஸ், புல்லக் ரெண்டும் அதுக்கு ஃபார்முலா குடுத்தவங்க பேரு. புல்லக்னு ஒத்தை வார்த்தையில சொல்லிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனா சரியா அன்னைக்குன்னு பாத்து என் சப்ஹேலோ (பெரிய ஹேலோவுக்குள்ள விழுந்த குட்டி ஹேலோ) டேபிள்ல ஒரு உருப்படி லாம்டா 0.9னு வந்து உக்காந்துகிட்டு என் உசிர வாங்கிட்டிருந்துச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே கொட்டிடறேன்.

ஃபார்முலா தெரியும்னு வச்சுக்கறேன். பழைய பீபிள்ஸ் வடிவத்துக்கு ஹேலோவோட மொத்த ஆற்றல் வேணும், சிமுலேஷன்ல துகள் துகளா ஈர்ப்பு ஆற்றல் கூட்டறதுக்குள்ள விடிஞ்சிரும். 2001ல புல்லக் குழு அதை விட்டுட்டு கோண உந்தத்த நிறை, ஆரம், அந்த ஆரத்துல வர்ற வட்டப்பாதை வேகம், கூடவே ரூட் 2, இதால வகுத்தா போதும்னு சுருக்கிட்டாங்க. ஒரு வரி புரோகிராம். நான் ஆரம்பத்துலேர்ந்து இதுதான்.

நல்லத முதல்ல சொல்லிடணும். குட்டி ஹேலோவா இருந்தாலும் சரி, கேலக்ஸி கூட்டத்தோட ராட்சச ஹேலோவா இருந்தாலும் சரி, கிட்டத்தட்ட ஒரே லாக்நார்மல் வளைவுதான் (மதிப்போட லாக் எடுத்தா மணி வடிவம்), நடு மதிப்பு 0.035 பக்கம். முதல் தடவ பிளாட் போட்டப்போ புரோகிராம்ல தப்பு பண்ணிட்டேன்னுதான் நெனச்சேன். சுழற்சியாலயே தாங்கி நிக்கற தட்டுக்கு லாம்டா 0.35 பக்கம் வரும், அதுல பத்துல ஒரு பங்குதான் ஹேலோவுக்கு, அதாவது அது சுத்துதுன்னே சொல்ல முடியாது, உள்ள துகள் எல்லாம் கண்டபடி பறந்துகிட்டிருக்கு, மிச்சமா லேசா ஒரு திருப்பம்.

அந்த திருப்பம் எங்கேர்ந்து வருதுங்கறதும் அழகான கதைதான். ஆரம்பத்துல பொருள் திரளு உருண்டையா இருக்காது, கோணலா இருக்கும். பக்கத்துல இருக்கற திரளுங்களோட ஈர்ப்பு அதை ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கம்மின்னு இழுக்கும், நீளவாக்கும் இழுக்கற திசையும் பொருந்தலன்னா ஒரு முறுக்கு விழும். ஹாய்ல் 1949லயே இதை சொல்லிட்டார். பீபிள்ஸ் 1969ல கணக்கு போட்டார், ஆனா எல்லைய உருண்டையா எடுத்துகிட்டதால வளர்ச்சி வேற மாதிரி வந்துச்சு. டோரோஷ்கெவிச் 1970ல காலத்தோட நேர் விகிதத்துல ஏறும்னார், 1984ல ஒயிட் அதான் சரின்னு காட்டினார். ஆக, எல்லைய எங்க எப்படி வெட்டறதுங்கற தகராறு அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு, நான்தான் லேட்டா மாட்டிருக்கேன். விரிஞ்சுகிட்டிருந்த திரளு நின்னு உள்ள விழ ஆரம்பிச்சதும் முறுக்க கைப்பிடி இல்லாம போயிரும். அதுக்கப்புறம் மெர்ஜர்தான், வந்து விழற ஹேலோவோட பாதையில இருக்கற கோண உந்தம் அப்படியே ஸ்பின்னா மாறும், லாம்டா ஒரு குதி குதிச்சிட்டு, அடங்க அடங்க இறங்கும்.

இது வரைக்கும் தனியா திரியற ஹேலோ. சாட்டிலைட்னு, அதாவது சப்ஹேலோன்னு வந்தா கதையே வேற.

பெரிய ஹேலோவுக்குள்ள விழுந்த குட்டிக்கு ஓரம்தான் முதல்ல உரிஞ்சு போகும், கோண உந்தம் நெறைய இருக்கறதும் அந்த ஓரத்துலதான், அதனால லாம்டா குறையும், பெரிய ஹேலோவோட மையத்துக்கு கிட்ட போகப்போக இன்னும் கம்மி. இது நிஜ இயற்பியல், ஒத்துக்கறேன். ஆனா அந்த 0.9 இருக்கே. உள்ள தோண்டி பாத்தா மொத்தம் 140 துகள், அதுல 11 பெரிய ஹேலோவோடது, வழிப்போக்கன், ஒரு ஓரமா விர்ருனு போய்கிட்டிருக்கு. குட்டியோட வட்ட வேகத்த விட பதினஞ்சு மடங்கு வேகம், தூரமும் கூட, ரெண்டும் பெருக்கல்ல வந்தா 11 பேர் சேந்து 129 பேர அமுக்கிடுவானுங்க. தூக்கி எறிஞ்சேன், 0.04. எல்லைய கொஞ்சம் உள்ள தள்ளினேன், 0.02. சரி எது உண்மைன்னு ஒரு கணக்கு போட்டேன். சுத்தவே சுத்தாத ஹேலோலயும் துகள் எண்ணிக்கை கம்மியா இருந்தா வெறும் சத்தத்துலயே (நாய்ஸ், தற்செயலா வர்ற ஏத்த இறக்கம்) ஒரு லாம்டா வரும், தோராயமா 0.36ஐ துகள் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுக்கணும். 129 துகளுக்கு 0.03. அப்ப ரெண்டுமே சத்தம்தான்! மூணு நாள் வேல.

இதுக்கு லாம்டாவ திட்டறது நியாயமான்னா, பாதிதான். 2013ல பல ஹேலோ ஃபைண்டருங்கள (சிமுலேஷன்ல ஹேலோவ தேடிப்பிடிக்கற புரோகிராம்) ஒரே டேட்டால ஓடவிட்டு சப்ஹேலோ ஸ்பின்ன ஒப்பிட்டவங்களே, தாறுமாறா பெரிய லாம்டா வந்தா சப்ஹேலோவோட ஈர்ப்புல கட்டுண்டிராத துகள ஒழுங்கா கழிக்கலன்னு அர்த்தம்னு எழுதிட்டாங்க. படிச்சுட்டும் கோட்டை விட்டது நான்.

இன்னொரு கடுப்பு, ஹேலோ லாம்டாவ வச்சு உள்ள இருக்கற கேலக்ஸி தட்டோட சைஸ சொல்லலாம்னு 1998ல மோ, மாவ், ஒயிட் போட்ட கணக்கு. படிக்க அவ்ளோ சுத்தமா இருக்கும், அப்புறம் வந்த ஜூம் சிமுலேஷன்கள்ல (ஒரு சின்ன பகுதிய மட்டும் நுணுக்கமா ஓட்டறது) தனித்தனி கேலக்ஸியா பாத்தா அந்த தொடர்பு பெருசா காணோம்.

பையனுக்கு புல்லக்கே எடுத்துக்கோன்னுதான் பதில் போட்டேன், 300 துகளுக்கு கீழ இருக்கறத தொடாதேன்னும் சொன்னேன். "அப்ப என் சாட்டிலைட் லிஸ்ட்ல பாதி போயிருமே அண்ணா"ங்கறான். போகட்டும். ரேட்டிங் 5க்கு 2. தனி ஹேலோ டேபிள திறந்து வச்சிருந்தப்ப கேட்டிருந்தா நாலரை குடுத்திருப்பேன்.