பத்தாயமா, அட்டியா, தொட்டியா: எண்ணெய் இருப்புக் கணக்கும் வரியும்

பத்தாயத்தில் மேலே கொட்டிய நெல் அடித்துவாரம் வழியே வரும். முதலில் போட்டதே முதலில் வெளியேறும். இது ஃபிஃபோ. மூட்டை அட்டியில் கடைசியாக ஏற்றியதைத்தான் முதலில் இறக்க முடியும், இது லிஃபோ. எண்ணெய்த் தொட்டியில் பழசும் புதுசும் கலந்துவிடும். சராசரி முறை அதைப் போன்றது. ஆனால் எண்ணெய் நிஜத்தில் எப்படி ஓடியது என்று வரிக் கணக்கு கேட்பதில்லை. விற்ற சரக்கின் அடக்கம் எந்த விலையில் எழுதப்பட்டது என்பதே கேள்வி.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு ஆலையிடம் 100 கிலோலிட்டர் கச்சா எண்ணெய், கிலோலிட்டருக்கு ரூ.40,000 விலையில் இருக்கிறது என்று வைப்போம். பிறகு 100 கிலோலிட்டர் ரூ.50,000-க்கும், இன்னொரு 100 ரூ.60,000-க்கும் வாங்குகிறது. அதன்பின் 200 கிலோலிட்டர், ரூ.65,000 வீதம் விற்பனை. ஆலைச் செலவை விட்டுவிடுவோம்.

ஃபிஃபோவில் லாபம் ரூ.40 லட்சம், சராசரியில் 30, லிஃபோவில் 20. வரி 22%, அதன்மேல் 10% சர்சார்ஜ், இரண்டின் மேலும் 4% செஸ் சேர்ந்து 25.168% என்றால், கட்டவேண்டியது முறையே ரூ.10,06,720, ரூ.7,55,040, ரூ.5,03,360.

அடுத்த ஆண்டு எதுவும் வாங்காமல் மிச்சத்தை அதே விலைக்கு விற்றால் லாபம் 5, 15, 25 லட்சம். இரண்டாண்டும் சேர்த்தால் மூன்றிலும் 45 லட்சம்தான். லிஃபோ வரியைத் தள்ளிப்போடுகிறதே தவிரத் தள்ளுபடி செய்வதில்லை. இருப்பைக் கரைத்த ஆண்டில் பழைய மலிவு விலை வெளியே வந்து வரி எகிறும்.

அமெரிக்காவில் எக்ஸான்மொபில், செவ்ரான் ஆகிய எண்ணெய் நிறுவனங்கள் லிஃபோ வைத்திருக்கின்றன. வரிக்கு அதைக் காட்டினால் பங்குதாரர் கணக்கிலும் அதையே காட்டவேண்டும் என்பது அங்கே விதி. சர்வதேசக் கணக்கியல் தரம் 2003 திருத்தத்தில் லிஃபோவை நீக்கியது. நம் வருமானவரிக் கணிப்புத் தரத்திலும் அதற்கு இடமில்லை. ஆகவே இங்கே போட்டி ஃபிஃபோவுக்கும் சராசரிக்கும்தான். என் ஓட்டு சராசரிக்கு: விலை ஏறும் ஆண்டில் கைக்கு வராத லாபத்துக்கு வரி கட்டும் சுமை குறையும். டின்னில் வரும் லூப்ரிகன்ட் ஆயிலுக்கு ஃபிஃபோ சரி. நியாயமான காரணமின்றி வருடாவருடம் முறையை மாற்றமுடியாது.

விலை சரிந்தால்? அடக்கம், விற்றால் கிடைக்கும் நிகரத் தொகை, இரண்டில் குறைந்ததே இறுதி இருப்பின் மதிப்பு. மார்ச் 31 அன்று அந்தத் தொகை கிலோலிட்டருக்கு ரூ.45,000 ஆனால், முதல் ஆண்டில் ஃபிஃபோவில் 15 லட்சமும் சராசரியில் 5 லட்சமும் வெட்டு விழும். இரண்டிலும் லாபம் 25 லட்சமாகிவிடும்.

காவிரிப் படுகையில் கோவில்களப்பாலிலோ குத்தாலத்திலோ எண்ணெய்க் கிணறு தோண்டி எடுப்பவருக்கு இந்தச் சண்டை பெரிதில்லை. அவருடைய அடக்கம் எடுக்கும் செலவு. அது சந்தையோடு அவ்வளவாக ஆடாது. வாங்கி விற்பவருக்குத்தான் தலைவலி.

முறையைவிட அளவில் விடும் பிழையே அதிகம் கடிக்கும். டீசல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.08% விரியும். 35 டிகிரி வெயிலில் டிப் எடுத்த (அளவுகோலை விட்டு அளந்த) 100 கிலோலிட்டரை 15 டிகிரிக்குத் திருத்தாமல், 15 டிகிரிக் கணக்கில் வந்த பில்லோடு ஒப்பிட்டால் சுமார் 1,600 லிட்டர் கூடுதலாகத் தெரியும். அடியில் நின்ற தண்ணீரை தண்ணீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்டை அளவுகோலில் தடவிப் பார்த்துக் கழிக்காவிட்டால், அதுவும் எண்ணெய் விலையில் இருப்பாக ஏறிவிடும்.