மெமரி கார்டு ஃபார்மேட்: போர்ட்டபிளா, இன்டர்னலா?

புது மெமரி கார்டைப் போனில் செருகியதும் பல ஆண்ட்ராய்டு போன்கள் ஒரு கேள்வி கேட்கும்: இதைப் போர்ட்டபிள் ஸ்டோரேஜாக வைத்துக்கொள்வதா, இன்டர்னல் ஸ்டோரேஜாக மாற்றுவதா? இன்டர்னலைத் தொட்டால் கார்டு கட்டாயம் ஃபார்மேட் ஆகும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். போர்ட்டபிள் என்றால், போனால் படிக்க முடிகிற கார்டைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஃபார்மேட் வேண்டுமானால் நாமே செட்டிங்ஸில் போய்ச் செய்ய வேண்டும்.

என் கை போர்ட்டபிள் பக்கம்தான் போகும். இன்டர்னலை ஒரே ஒரு வகைப் போனுக்குத்தான் சிபாரிசு செய்வேன். அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டும் என்ன செய்கின்றன என்பது பலருக்கும் தெரிந்ததே. போர்ட்டபிளில் கார்டு ஒரு பென்டிரைவ் மாதிரி: படம், பாட்டு, வீடியோ வைக்கலாம், கழற்றி வேறு போனிலோ கணினியிலோ போட்டால் திறக்கும். இன்டர்னலில் கார்டு அந்தப் போனின் உடம்போடு ஒட்டிவிடும். ஆப்களையே அதில் வைக்கலாம். இந்த இரண்டாவது வசதி 2015-இல் ஆண்ட்ராய்டு 6 மார்ஷ்மெல்லோவோடு வந்தது. அடாப்டபிள் ஸ்டோரேஜ் என்பது அதன் பெயர்.

எதை எடுப்பது என்பதை விலை, ஜிபி, வேகம் எல்லாவற்றையும்விட ஒரு கேள்வியே தீர்மானிக்க வேண்டும்: நாளைக்கு இந்தப் போன் செத்தால் கார்டில் இருப்பது என் கைக்கு வருமா?

இன்டர்னலாக ஃபார்மேட் செய்யும்போது ஆண்ட்ராய்டு கார்டில் 16 எம்பி அளவுக்கு ஒரு சிறு பகுதியை ஒதுக்கிவிட்டு, மிச்சம் முழுவதையும் எக்ஸ்ட்4 அல்லது எஃப்2எஃப்எஸ் என்கிற ஃபைல் வடிவத்தில், என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி எழுதுகிறது. அந்த என்கிரிப்ஷனின் சாவி கார்டில் இருக்காது. போனின் சொந்த நினைவகத்தில் இருக்கும். நீங்கள் போடுகிற பின் நம்பரோ பேட்டர்னோ அந்தச் சாவி ஆகாது, கூகுள் கணக்கிலும் அதற்கு நகல் கிடையாது. ஆக, போனின் போர்டு போனால் கார்டு நூறு சதவீதம் நன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வெறும் குப்பை எழுத்துகள்தான். பெட்டி பத்திரமாகக் கையில் இருக்கும், சாவி ஆற்றோடு போயிருக்கும்.

போர்டு போவது அரிது என்று தோன்றலாம். ஆனால் சாவி தொலைய அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ஃபேக்டரி ரீசெட் ஒன்றே போதும். போன் ஆன் ஆகாமல் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரெக்கவரி மெனுவில் 'வைப் டேட்டா' (ஃபேக்டரி ரீசெட்டேதான்) கொடுத்தால் சரியாகும் என்று யாரோ சொல்வார்கள். சர்வீஸ் சென்டரில் கொடுத்தாலும் மென்பொருள் கோளாறுக்கு அவர்கள் எடுக்கும் முதல் மருந்து பெரும்பாலும் அதுதான். போன் உயிர் பெறும். கார்டில் இருந்த படங்கள் அத்தனையும் அந்த நொடியே போனது போனதுதான். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ரீசெட் செய்தாலும் பலன் இல்லை, ஏனென்றால் அழிவது போனில் இருக்கும் சாவி. போர்ட்டபிள் கார்டாக இருந்தால் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிம்மதியாக ரீசெட் கொடுக்கலாம்.

டிஸ்ப்ளே உடைந்தால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. மாற்றிவிட்டு, லாக்கைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். போர்ட்டபிள் கார்டை அன்றைக்கே இன்னொரு போனில் போட்டுப் பார்த்துவிடலாம்.

இன்னொரு பொறி கணினியில் இருக்கிறது. இன்டர்னல் கார்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகினால், "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். விண்டோஸுக்கு அந்த வடிவம் புரியாததால் வரும் கேள்வி அது, கார்டு கெட்டுப்போகவில்லை. ஆமாம் என்று அழுத்தினால்தான் உண்மையில் கெடும். அதே போல, கார்டு இல்லாதபோது போனின் ஸ்டோரேஜ் பக்கத்தில் அந்தக் கார்டின் பெயருக்கு உள்ளே 'ஃபர்கெட்' என்று ஒன்று தெரியும். அதைத் தொட்டால் போன் சாவியைத் தூக்கி எறிந்துவிடும், கார்டைத் திரும்பச் செருகினாலும் ஏற்காது.

இதே பூட்டுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. இன்டர்னல் கார்டைத் திருடியவனுக்கு அதிலிருந்து ஒரு படம்கூடக் கிடைக்காது. போர்ட்டபிள் கார்டை எடுத்தவன் எல்லாவற்றையும் பார்க்கலாம், போனின் லாக் கார்டைக் காக்காது. அடையாள ஆவணங்களின் ஸ்கேன் போன்றவற்றைப் போர்ட்டபிள் கார்டில் வைக்காதீர்கள். சில சாம்சங் போன்களில் கார்டைத் தனியாக என்கிரிப்ட் செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் அதுவும் அந்தப் போனோடு கட்டுப்பட்டதே, மேலே சொன்ன ரீசெட் ஆபத்து அதற்கும் பொருந்தும்.

அடுத்து வேகம். கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் வாசிக்கும் வேகம், அதுவும் ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போது. கிளாஸ் 10 என்றால் தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்குக் குறைந்தது 10 எம்பி. யு3, வி30 என்றால் 30 எம்பி. வீடியோ எடுக்க அது போதும். ஆனால் ஆப்கள் அப்படி எழுதுவதில்லை. அவை சின்னச் சின்னத் துண்டுகளாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓயாமல் எழுதும். இதற்குத்தான் ஏ1, ஏ2 குறிகள் வந்தன. ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 சிதறல் வாசிப்பு, 500 சிதறல் எழுத்து. ஏ2 என்றால் 4000, 2000. ஏ2-வின் முழு வேகத்துக்குப் போனும் அதற்கேற்ற வசதியோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணை எட்டும் என்று நம்ப முடியாது.

பெரும்பாலான போன்களில் கார்டு ஓடும் யுஎச்எஸ்-1 என்ற இணைப்புத் தடத்தின் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பிதான். மலிவான போன்களின் உள் நினைவகமான இஎம்எம்சி 5.1-க்கு அது 400, விலை கூடிய போன்களின் யுஎஃப்எஸ் நினைவகம் அதையும் தாண்டும். ஆகவே இன்டர்னலாக மாற்றிய கார்டில் ஆப்பை வைத்தால் அது திறக்க நேரம் எடுக்கும், அப்டேட் நடக்கும்போது திணறும். ஃபார்மேட் ஆகும்போதே ஆண்ட்ராய்டு ஒரு வேகச் சோதனை செய்து, கார்டு மெதுவாக இருந்தால் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்திப் போர்ட்டபிளுக்குத் திரும்புங்கள். 'பரவாயில்லை, தொடரட்டும்' என்று போனால் ஆப் தொங்குவதும் தானாக மூடுவதும் தினசரி வழக்கமாகிவிடும். ஓயாத எழுத்தால் கார்டின் ஆயுளும் குறையும்.

இப்போது இன்டர்னலுக்கு உரிய இடம். போனில் 16 ஜிபி அல்லது 32 ஜிபிதான் இருக்கிறது, ஆப் அப்டேட்டுக்கே இடமில்லை என்று தினமும் சொல்கிறது, படங்கள் தானாகவே கூகுள் போட்டோஸிலோ வேறு எங்கோ ஏறிவிடுகின்றன, கார்டைக் கழற்றும் வேலையே கிடையாது. இந்த நான்கும் பொருந்தினால் நல்ல பிராண்டின் ஏ1 கார்டை வாங்கி இன்டர்னலாக மாற்றலாம். போர்ட்டபிள் கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பெரும்பாலான போன்களில் ஆப்களுக்கு இடம் தராது, அது உண்மைதான். இன்டர்னலிலும் எல்லா ஆப்பும் நகராது. ஆப்பைச் செய்தவர் அனுமதித்திருந்தால்தான் நகரும். கீபோர்டு, விட்ஜெட், அலாரம் போன்றவற்றைப் போனிலேயே விடுவது நல்லது.

போர்ட்டபிள் வைத்திருப்பவர் போனில் இடத்தைக் காலி செய்ய வேறு வழிகள் உண்டு. கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தை எஸ்டி கார்டு என்று மாற்றுங்கள். நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவற்றில் டவுன்லோடு இடத்தைக் கார்டாக வைக்கலாம். அந்த டவுன்லோடுகள் கார்டில் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள், ஆப்பின் பெயரில் உட்காரும். ஆப்பை அழித்தால் அவையும் சேர்ந்தே அழியும். வாட்ஸ்அப் நேராகக் கார்டில் சேமிக்காது. பழைய வீடியோக்களை அவ்வப்போது ஃபைல்ஸ் ஆப் மூலம் கார்டுக்கு நகர்த்த வேண்டும், முடிந்தால் மாதம் ஒரு முறை.

பலருக்கு இந்தத் தேர்வே கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாம்சங் தன் பெரும்பாலான மாடல்களில் இன்டர்னல் வழியை வைக்கவில்லை. கணினியிலிருந்து ஏடிபி (போனுக்குக் கேபிள் வழியாகக் கட்டளை அனுப்பும் கருவி) கட்டளை கொடுத்து அதை வலுக்கட்டாயமாகத் திறக்கலாம், கார்டைப் பாதி போர்ட்டபிள் பாதி இன்டர்னல் என்றுகூடப் பிரிக்கலாம். சில மாடல்களில் இது ஓடும். சிலவற்றில் சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு கார்டு காணாமல் போகும். தயாரித்தவர்களே தராத வழியில் குடும்பப் படங்களை வைக்க நான் துணியமாட்டேன்.

போர்ட்டபிளாக ஃபார்மேட் செய்யும் முறை எளிது. முதலில் கார்டில் இருப்பதைக் கணினிக்கு நகலெடுங்கள், நகலில் நாலைந்து ஃபைலைத் திறந்தும் பாருங்கள். பிறகு செட்டிங்ஸ், ஸ்டோரேஜ், எஸ்டி கார்டு, மேலே மூன்று புள்ளி, ஃபார்மேட். சாம்சங்கில் ஸ்டோரேஜ் பக்கம் டிவைஸ் கேருக்குள் இருக்கும். சில நொடிகளில் முடிந்துவிடும். 32 ஜிபி வரையிலான கார்டு ஃபேட்32 என்ற ஃபைல் வடிவத்திலும், 64 ஜிபியும் அதற்கு மேலும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் வடிவத்திலும் அமையும். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது; கார்டில் 20 ஜிபி காலியாக இருந்தும் ஒரு பெரிய படம் காப்பி ஆகாமல் நின்றால் காரணம் இதுவே. எக்ஸ்ஃபேட் தெரியாத பழைய போன் அந்தக் கார்டைக் 'கெட்டுப்போனது' என்று சொல்லும். உடனே ஃபார்மேட்டைத் தொடாமல், முதலில் கணினியில் செருகிப் பாருங்கள்.

போனிலா கணினியிலா என்று கேட்டால், எந்தக் கருவியில் ஓடப்போகிறதோ அதிலேயே ஃபார்மேட் செய்வதுதான் சரி. போன் மறுத்தால் மட்டும் கணினி. அங்கும் விண்டோஸின் சொந்த ஃபார்மேட்டைவிட, எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர் நல்லது. தவறிப்போய் விண்டோஸின் வடிவமான என்டிஎஃப்எஸ் கொடுத்துவிட்டால் பல போன்களில் கார்டு திறக்காது.

சாதாரண ஃபார்மேட் பெரும்பாலும் ஃபைல்களின் பட்டியலைத்தான் அழிக்கிறது. அப்படியானால் படங்கள் மேலெழுதப்படும்வரை அடியில் இருக்கும். தெரியாமல் ஃபார்மேட் ஆகிவிட்டால் உடனே கார்டைக் கழற்றுங்கள், ஒரு படம்கூட எடுக்காதீர்கள். போட்டோரெக் போன்ற மென்பொருளால் மீட்க வாய்ப்பு உண்டு. கார்டை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் அதே காரணத்துக்காக எஸ்டி ஃபார்மேட்டரில் 'ஓவர்ரைட்' வகையைத் தேர்ந்தெடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் சுத்தமாகும்.

ஏற்கெனவே இன்டர்னலாக மாற்றியவர்கள் திரும்பி வரலாம், வரிசை முக்கியம். கார்டுக்கு நகர்த்திய ஆப்களை ஒவ்வொன்றாகப் போனுக்குத் திருப்புங்கள். ஸ்டோரேஜில் போனின் உள் நினைவகத்தைத் தொட்டு, மூன்று புள்ளியில் 'மைக்ரேட் டேட்டா' கொடுங்கள். படங்கள், டவுன்லோடுகள் போனுக்கு வரும். போனில் இடம் போதாவிட்டால் இது பாதியில் நிற்கும், ஆகவே பெரிய வீடியோக்களை முன்னதாகவே யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு எடுத்துவிடுங்கள். எல்லாம் வந்ததைப் பார்த்த பிறகே 'ஃபார்மேட் அஸ் போர்ட்டபிள்'. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு யோசிக்கலாம் என்பது இங்கே நடக்காது.

ஃபார்மேட் முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். கார்டை எஜெக்ட் கொடுத்துக் கழற்றி மறுபடி செருகுங்கள். வெற்றி என்று சொன்ன ஃபார்மேட்டுக்குப் பிறகும் பழைய படங்கள் அப்படியே திரும்பி வந்து நின்றால், கார்டின் ஆயுள் முடிந்து அது தன்னைத்தானே பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். வாசிக்கும், எழுதாது. எந்த மென்பொருளும் அதைத் திறக்காது. இருப்பதை எல்லாம் உடனே நகலெடுத்துக்கொண்டு, வாரண்டி இருந்தால் மாற்றி வாங்குங்கள்.