ஒனிச்சா சந்தைப் புத்தகங்கள்: பக்கப் படமா, தட்டச்சு வடிவமா?

நைஜீரியாவில் நைஜர் ஆற்றங்கரையில் இருக்கிற ஒனிச்சா நகரச் சந்தையில், 1940களின் கடைசியிலிருந்து, பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதிய சின்னச் சின்னப் புத்தகங்கள் விற்றன. காதல் கதை, நாடகம், கடிதம் எழுதும் முறை, பணத்தைக் காப்பாற்றும் வழி என்று எல்லாம் இருந்தன. 1967இல் தொடங்கிய பியாஃப்ரா போரில், அதாவது நைஜீரிய உள்நாட்டுப் போரில், அந்தச் சந்தையே அழிந்தது. தப்பிய பிரதிகளில் ஒரு பகுதி அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

இவற்றை இணையத்தில் ஏற்ற இரண்டு வழி. பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து போட்டால், கையால் அச்சுக்கோத்த எழுத்து கண்முன் நிற்கும். ஒரே சொல்லுக்குள் வேறு அளவு எழுத்து, தலைகீழாக விழுந்த 'n', மங்கிய அட்டைப் படம் எல்லாம் தெரியும். சிறிய அச்சகத்தின் மூச்சு அதில்தான் இருக்கிறது. ஆனால் கோப்பு கனம். டேட்டா எண்ணிச் செலவழிப்பவருக்குச் சுமை. தேடவும் முடியாது.

தட்டச்சு செய்தால் சாதாரண போனிலும் சட்டென்று திறக்கும், பார்வையற்றவர் காதால் கேட்கலாம். சிக்கல் திருத்துகிற கையில்தான். ஆங்கிலத்தைத் தன் காதுக்கு ஏற்ப வளைத்து எழுதியவரின் வாக்கியத்தை 'பிழை' என்று சரிசெய்தால், அவர் குரலே போய்விடும். இடையே வரும், அந்தப் பகுதி மொழியான இக்போ சொற்களில் எழுத்துக்குக் கீழே வைக்கிற புள்ளி விட்டுப்போனால் உச்சரிப்பு மாறும், சில இடத்தில் பொருளும்.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் முதலில் ஸ்கேன், தாள் காத்திருக்காது. அப்புறம் ஒனிச்சாக்காரர் ஒருவரை உட்காரவைத்துத் தட்டச்சு செய்யலாம்.