சீல்டா, போர்ட்டடா? மழைக்காட்டு ஓரத்தில் ஓடும் காருக்கு எந்த பேஸ் பெட்டி

போன வருஷம் ஐப்பசியில் டிக்கியிலிருந்த பேஸ் பெட்டியை வெளியே எடுத்தேன். பெட்டி வந்தது, அதன் அடிப்பலகையில் பாதி வரவில்லை. டிக்கி விரிப்பில் ஒட்டிக்கொண்டு கிடந்த எம்.டி.எஃப். பலகையை விரலால் கிள்ளினால் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரிப் பிய்ந்தது. அது 12 இஞ்ச் போர்ட்டட் பெட்டி, அதாவது காற்று போய்வர போர்ட் என்ற துளை வைத்த வகை. பதினான்கு மாதம்தான் உழைத்தது.

எனக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். வாரத்தில் இரண்டு முறையாவது செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய்த் திரும்ப வேண்டும். காரில் பாட்டு இல்லாமல் அந்த மலை எனக்கு ஏறாது. அந்தப் பெட்டி போன பிறகு 10 இஞ்ச் சீல்டு பெட்டிக்கு, அதாவது துளையே இல்லாமல் மூடிய பெட்டிக்கு, மாறினேன். நடுவில் மச்சான் காரில் சீட்டுக்கு அடியில் வைக்கிற சின்ன சப்வூஃபரையும் (பேஸ் ஒலிக்கென்றே இருக்கிற ஸ்பீக்கர்) கொஞ்ச நாள் கேட்டேன். என் மனம் சீல்டு பக்கம்தான் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சத்தம்தான் முக்கியம் என்றால் போர்ட்டட். ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடுகிற கூம்பான கோனின் பின்பக்கம் கிளம்புகிற ஒலியையும் போர்ட் வழியே வெளியே விடுவதால், போர்ட்டின் அளவை வைத்துப் பெட்டியை டியூன் செய்த அதிர்வெண்ணை ஒட்டி 3 டெசிபல் வரை கூடுதலாகக் கிடைக்கும். அதே சத்தத்தை ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயர்) வைத்து எட்ட வேண்டுமானால் அதன் வாட்டை இரண்டு மடங்காக்க வேண்டும். கடைகளில் உருளையாகத் தொங்குகிற பேஸ் டியூப்பும் பெரும்பாலும் போர்ட்டட் வகைதான், வடிவம்தான் வேறு. இடம் என்று பார்த்தால் சீல்டு. 10 இஞ்சுக்கு முக்கால் கன அடி, அதாவது 21 லிட்டர் போதும். என் 12 இஞ்ச் போர்ட்டட்டுக்கு உள்ளளவே 2 கன அடி. பலகைக் கனமும் போர்ட்டும் சேர்ந்தால் 80 லிட்டரைத் தாண்டும். என் ஸ்விஃப்ட்டின் டிக்கி மொத்தமே 268 லிட்டர். குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போனால் துணிப்பையைப் பிள்ளைகள் மடியில்தான் வைக்க வேண்டியிருந்தது.

சீல்டில் அடிமட்ட பேஸ் வராது என்று கடைக்காரர்கள் சொல்வது பாதிதான் உண்மை. திறந்த வெளியில் வைத்தால் சீல்டு பெட்டியின் ஒலி, ஒரு கட்டத்துக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகிற ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வீதம் குறையும். போர்ட்டட் அதன் டியூனிங்குக்குக் கீழே 24 டெசிபல் வீதம் விழும். ஆனால் நாம் கேட்பது கண்ணாடி ஏற்றிய காருக்குள். சின்ன அறை என்பதால் தாழ்ந்த ஒலிகளைக் காரே தூக்கிக் கொடுக்கும். அந்தத் தூக்கலும் ஆக்டேவுக்கு 12 டெசிபல் வரை போகக்கூடியது. ஆகவே சீல்டு இழப்பதில் பெரும்பகுதியைக் கார் திருப்பித் தந்துவிடுகிறது.

காதுக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு எதையாவது போட்டு, பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அந்தக் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், அடுத்தது 55, அதற்கடுத்தது 73. கை ஒரே அழுத்தத்தில் வாசித்துக்கொண்டு போகிறது. என் பழைய பெட்டியிலோ 41-ஐ ஒட்டிய சுரங்கள் காரையே குலுக்கும், மேலே வந்தால் அடங்கிப்போகும். சரியான கணக்கில் செய்த போர்ட்டட்டில் இந்தக் குறை இவ்வளவு இருக்காது. ஆனால் அந்தக் கணக்கு பிசகினால் சீல்டைவிடப் போர்ட்டட்தான் பெரிதாகக் காட்டிக்கொடுக்கும். சீல்டு மாட்டிய முதல் நாள், கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்துக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டி ஒரு பாட்டை மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஒரே எடையில் வந்தது.

இதெல்லாம் ருசி. எனக்கு விஷயத்தை முடிவு செய்தது ஈரம்.

நம் பக்கம் ஆனி ஆடியில் சாரல். மலைக்கு அந்தப் பக்கம் அது பெருமழை. அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு சுற்று. அருவியில் குளித்த ஈரத்துண்டு, நனைந்த குடை, ரப்பர் ஷீட்டின் வாடையும் ஈரமும் எல்லாம் டிக்கியில்தான். போர்ட்டட் பெட்டி வாயைத் திறந்தே வைத்திருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் இந்த ஈரக்காற்றைத்தான் உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. வெளியே கார்ப்பெட் ஒட்டியிருப்பார்கள், உள்ளே பூச்சில்லாத வெறும் பலகைதான். எம்.டி.எஃப். நல்ல பலகை. அடர்த்தி ஒரே சீர், உள்ளே ஓட்டை கிடையாது, அதிராது. ஆனால் அது மரநாரும் பசையும். ஓரங்களில் ஈரம் ஏறி ஒருமுறை உப்பிவிட்டால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்கு வராது. என் பெட்டியில் உப்பிய இடத்தில் ஸ்க்ரூ பிடி விட்டு, ஸ்பீக்கரின் விளிம்பே ஆட ஆரம்பித்தது. போர்ட்டுக்குள் டார்ச் அடித்தபோது பூஞ்சை படர்ந்திருந்தது, ஒரு பல்லி முட்டையும் இருந்தது. கோனுக்குப் பின்னாலிருக்கிற வளைய வளையமாக மடிப்பு வைத்த துணியில் வெள்ளைப் புள்ளிகள்.

புனலூரில் புதுப் பெட்டி செய்யக் கொடுத்தபோது ஆசாரி அளவைக்கூடக் கேட்கவில்லை, பழைய பலகையை முகர்ந்து பார்த்தார். "அண்ணே, இது மழை பெய்யாத ஊருக்கான பலகை" என்றார். "அப்போ எது போடலாம் சேட்டா?" என்று கேட்டேன். பெரும்பாவூரிலிருந்து வந்த ஒரு பிளைவுட்டைத் தட்டிக் காட்டினார். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை குத்திய மரைன் பிளைவுட், 18 மில்லிமீட்டர். விலை எம்.டி.எஃபைவிட நன்றாகவே கூடுதல். பெட்டிக்கு உள்ளே இரண்டு கோட் வார்னிஷ், மூட்டுகளில் சிலிக்கான், அடியில் கார்ப்பெட் இல்லாமல் நான்கு ரப்பர் புஷ். டிக்கித் தரைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடம் இருக்கும், தண்ணீர் தேங்கினாலும் பலகையைத் தொடாது. மூடிய பெட்டி என்பதால் உள்ளே புதுக் காற்று போவதே அரிது. இதே மரைன் பிளைவுட்டில் போர்ட்டட் செய்தாலும் பலகை தாங்கும் என்றுதான் நினைக்கிறேன், நான் செய்து பார்த்ததில்லை. ஆனால் பலகை தாங்கினாலும் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஈரக்காற்று போவதை அது நிறுத்தாது.

சீல்டின் பராமரிப்பு ஒன்றே ஒன்றுதான், காற்று கசியக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் கோனின் இரு பக்கமும் வைத்து மெதுவாக, சமமாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். கோன் சோம்பேறித்தனமாக மேலே வந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது. விருட்டென்று வந்தால் எங்கோ ஓட்டை. இடத்தைக் கண்டுபிடிக்க 30 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, மூட்டுகளை ஒட்டி ஊதுபத்தியை நகர்த்திக்கொண்டே போங்கள். கசிகிற இடத்தில் புகை நேராகப் போகாது, படபடவென்று துடிக்கும். என் பெட்டியில் ஒயர் செருகுகிற டெர்மினல் கிண்ணத்தின் ஓரத்தில் துடித்தது. ஒரு துளி சிலிக்கான், வேலை முடிந்தது.

டியூனிங்கும் சீல்டில் எளிது. என் ஆம்ப் 4 ஓமில் 300 வாட். இரண்டையும் பெருக்கினால் 1200, அதன் வர்க்கமூலம் 34.6. முழு வாட்டில் ஆம்ப் தர வேண்டிய வோல்ட் அதுதான். ஸ்டீரியோவில் ஈக்வலைசரையும் பேஸ் பூஸ்ட்டையும் பூஜ்யத்தில் வைத்து, வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றி, சப்வூஃபர் ஒயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டேன். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் ஆம்ப்பில் ஸ்பீக்கர் ஒயர் மாட்டுகிற முனைகளில் வைத்து, 34.6 வரும்வரை கெயினை (ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துகிற குமிழ்) திருப்பினேன். கெயினை சத்தம் கூட்டுகிற குமிழாக நினைத்துத்தான் பாதிப் பேர் ஸ்பீக்கரின் காயிலை எரிக்கிறார்கள். அப்புறம் சப்வூஃபருக்கு லோ பாஸ் (அதற்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸும் (மேலே உள்ளதை மட்டும் விடுவது) 80. டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பையனை டிக்கிப் பக்கம் நிறுத்தி சப்வூஃபரின் ஒலி அலையை நேராகவோ தலைகீழாகவோ விடுகிற ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றச் சொன்னேன். எதில் பேஸ் நிறைந்து வருகிறதோ அதிலேயே விட்டாயிற்று. போர்ட்டட்டாக இருந்தால் இதற்கு மேல், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுகிற சப்சோனிக் ஃபில்டரும் கட்டாயம். பெட்டி 35 ஹெர்ட்ஸில் டியூன் ஆகியிருந்தால் ஃபில்டர் 30-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதற்குக் கீழே போர்ட்டட் பெட்டியில் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லை, வரம்பு மீறி ஆடிக் கிழியும். என் பழைய பெட்டியை மாட்டிய கடையில் அந்த ஃபில்டரின் குமிழைத் தொடவே இல்லை என்பது கழற்றும்போதுதான் தெரிந்தது.

எந்தப் பெட்டியானாலும் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் வேண்டும். எர்த் ஒயர் முடிகிற இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டித் தகட்டில் முறுக்குங்கள். மழைப் பக்கத்தில் அந்தச் சுரண்டிய இடம் துருப்பிடிக்கும், முறுக்கியபின் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் நல்லது.

சீட்டுக்கு அடியில் வைக்கிற வகையைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்ல முடியும், மச்சான் காரில் சில வாரம் கேட்டதுதான். டிக்கி முழுசாக மிச்சம், மாட்டுவது அரை நாள் வேலை, கதவு ஸ்பீக்கரில் இல்லாத கனம் பாட்டுக்கு வந்துவிடுகிறது. 40 ஹெர்ட்ஸ் பக்கம் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். அவர் காரில் ஏ.சி. தண்ணீர் போகிற குழாய் அடைத்துக்கொண்டு, முன்சீட்டுத் தரையெல்லாம் நனைந்தது. அந்த வகையில் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால், ஒன்று போனால் மொத்தமும் போனது. திருநெல்வேலி, தூத்துக்குடி என்று சமவெளியிலேயே ஓடும் காருக்கு அதை நான் தயங்காமல் சொல்வேன்.

என் பெட்டிக்கு ஒரு ஆடியும் ஒரு ஐப்பசியும் ஆகிவிட்டன. போன வாரம் ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளே கை விட்டுத் தடவினேன். வார்னிஷ் வழவழவென்றிருந்தது, கையில் ஈரம் ஒட்டவில்லை. ஸ்பீக்கர் விளிம்புக்கு அடியில் காற்று கசியாமல் ஒட்டுகிற கேஸ்கெட் டேப்பை மட்டும் புதிதாக ஒட்டி, எட்டு ஸ்க்ரூவையும் எதிரெதிராக முறுக்கி மூடிவிட்டேன்.