பழைய நூலை எழுத்தாக்க: தட்டச்சா, கூகுள் டாக்ஸா, டெசராக்டா?

என் தாய்வழித் தாத்தா தம் ஊர்க் கோயிலைப் பற்றி எழுதி, 1961-இல் அச்சிட்ட 96 பக்கச் சிறுநூல் எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு படியாக எஞ்சியிருந்தது. தாள் பழுப்பேறி ஓரங்கள் உதிரத் தொடங்கியதால், சென்ற ஆண்டு அதை முழுவதும் யூனிகோடு எழுத்துக்கு மாற்ற முனைந்தோம். கையால் தட்டச்சு செய்வது, பக்கப் படங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றிக் கூகுள் டாக்ஸ் வழியாகத் திறப்பது, கணினியிலேயே இயங்கும் டெசராக்ட் என்ற எழுத்துணரியை (படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருளை) கொண்டு எடுப்பது என்ற மூன்று வழிகளிலும் முதல் சில பக்கங்களைச் செய்து பார்த்தபின், எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றைக் கூகுள் டாக்ஸிலேயே முடித்தேன்.

மூன்று வழிகளுக்கும் பணச் செலவு இல்லை. டெசராக்ட், எச்பி நிறுவனத்தில் 1980-களில் உருவாகி 2005-இல் திறமூலமாக வெளியிடப்பட்ட மென்பொருள். இணையம் வேண்டாம், ஒரே கட்டளையில் ஒரு கோப்புறை முழுவதையும் கொடுத்துவிடலாம். கூகுள் டாக்ஸில் கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பது கூகுளின் வழிகாட்டல் என்பதால், நான் ஒவ்வொரு பக்கத்தையும் தனிப் படமாக ஏற்றினேன். மேலே படமும் அதன் கீழே எழுத்தும் வந்து நிற்கும். ஏற்றும் வேலை சலிப்பூட்டுவதுதான். ஆயினும் இவற்றை வைத்து முடிவெடுப்பது தவறு என்பது என் கருத்து. எழுத்தை எடுப்பதற்கு ஆகும் நேரம் சில நொடிகள். எடுத்ததை மெய்ப்புப் பார்ப்பதற்கு ஆகும் நேரமே வேலையின் பெரும்பகுதி. ஆகவே, எந்தக் கருவி எத்தனை பிழை விடுகிறது என்பதைக் காட்டிலும், எத்தகைய பிழை விடுகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

தமிழ் அச்சில் ரகரமும் துணைக்காலும் ஏறத்தாழ ஒரே வடிவம் உடையவை. மை சற்று மங்கியிருந்தால் ‘தரம்’ என்பது ‘தாம்’ ஆகிவிடும். ‘பரவை’ ‘பாவை’ ஆகும். ‘கரடு’ ‘காடு’ ஆகும். புள்ளி ஒன்று தேய்ந்திருந்தால் ‘பல்’ என்பது ‘பல’ என்று வந்து நிற்கும். இவை அனைத்தும் தமிழில் பொருளுள்ள சொற்களாகவே இருப்பதால் எந்தப் பிழைதிருத்தியும் இவற்றுக்கு அடிக்கோடு இடாது. ஏட்டுச்சுவடிகளில் புள்ளி இடும் வழக்கம் இல்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடும் காட்டப்படவில்லை. சுவடிகளைப் பதிப்பித்த முன்னோர் பொருளையும் யாப்பையும் வைத்தே எது ரகரம், எது கால் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பழைய இடர்ப்பாடுதான் எழுத்துணரியின் வழியாக மீண்டும் நம்மிடம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சிக்கல், பழைய எழுத்து வடிவங்கள். 1978-ஆம் ஆண்டு அரசாணைக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற வளைவுடனும், ணா, றா, னா ஆகியவை தனிக்கால் இல்லாமல் சுழித்தும் இருக்கும். இவற்றோடு ண, ற, ன ஆகியவற்றின் ஒகர, ஓகார வடிவங்களையும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள். எங்கள் நூலில் இவை வரிக்கு இரண்டு மூன்றாவது வந்தன. கூகுள் டாக்ஸ் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரியாகவே அடையாளம் கண்டது. டெசராக்ட் அவற்றை வேறு எழுத்துகளாகப் படித்தது. இன்றைய எழுத்துருக்களைக் கொண்டு பயிற்றப்பட்ட கருவிக்குப் பழைய வடிவம் பழக்கமில்லாதிருப்பது இயல்பே. அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் மீண்டும் வருடிக் கொடுத்தபோது அதன் முடிவு கணிசமாக மேம்பட்டது என்றாலும், துதிக்கை லையில் மாற்றம் இல்லை. அதனால் ஒரு பக்கத்தைத் திருத்த, கூகுள் டாக்ஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும் என்றால், டெசராக்டில் ஏறக்குறைய அதன் இருமடங்கு ஆயிற்று. 1990-களில் அச்சான வேறொரு நூலின் சில பக்கங்களை இரண்டிலும் கொடுத்தபோது இந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிட்டது. எனவே புதிய அச்சுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

தட்டச்சில் ஒரு பக்கத்துக்கு எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. தமிழ்99 விசைப்பலகையில் விரைவாக அடிப்பவர்களுக்கு இதனினும் குறையலாம். ஆனாலும் நூலின் இறுதியில் இருந்த பதிகப் பாடல்களையும், கிழிந்த நான்கு பக்கங்களையும் தட்டச்சு செய்ததே நல்லதாயிற்று. சீர் பிரித்து அச்சிட்ட பாடலில் இடைவெளிகள் குலைந்து வருவதைச் சீராக்குவதைவிட, படித்துப் பொருள் உணர்ந்து அடிப்பது எளிது. குடும்பச் சொத்து ஆவணம் போன்று வெளியே செல்லக் கூடாத தாள்களுக்கு மட்டும், எத்தனை பிழை வந்தாலும், டெசராக்டையே பரிந்துரைப்பேன்; ஏனெனில் படம் உங்கள் கணினியை விட்டு நகராது. செய்தித்தாள் போன்ற பல பத்திப் பக்கங்களை நான் ஒன்றிரண்டுக்கு மேல் சோதிக்கவில்லை. அவற்றில் கூகுள் டாக்ஸ் பத்திகளைக் கலந்து தந்ததால், பத்தி பத்தியாக வெட்டி ஏற்ற வேண்டியிருந்தது.

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் மெய்ப்பை ஒருவரே பார்ப்பது போதாது. தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தாக்கும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறத்திலும், வேறொருவர் மீண்டும் சரிபார்த்த பக்கம் பச்சை நிறத்திலும் குறிக்கப்படுகிறது. அந்த முறையையே நாங்களும் பின்பற்றினோம். நான் ஒருமுறை திருத்தியபின், அம்மா அச்சு நூலை உரக்கப் படிக்க, நான் திரையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மாவின் வாயில் ‘தரம்’ என்று ஒலிக்கும்போது திரையில் ‘தாம்’ என்று இருந்தால் உடனே பிடிபட்டுவிடும்; தனியாக இருந்து திருத்தியபோது அதே சொல்லை நான் மூன்று இடங்களில் பார்த்தும் கடந்து போயிருந்தேன்.