ஆக்சஸ் ஃபார்மில் மாற்றப் பதிவு: நாலு வருசம் ஓட்டிய பிறகு

பல்லடத்தில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் தம்பி போன வாரம் கேட்டார்: "ஏனுங்ணா, யாரு எதை மாத்துனாங்கன்னு தெரியற மாதிரி உங்க ஆபீஸ் ஆக்சஸ்ல வெச்சிருக்கீங்களாமா? நானும் போட்டுக்கட்டுங்களா?" ஆக்சஸ் என்பது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள். போனில் பாதிதான் சொன்னேன்.

எங்களுடையது திருப்பூரில் துணியை ஜாப்வொர்க்குக்கு அனுப்பி வாங்கும் ஆபீஸ். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு ஃபார்ம். அதன் பிஃபோர் அப்டேட்டில், அதாவது சேவ் ஆவதற்குச் சற்று முன் ஓடும் கோடில், ஒவ்வொரு கட்டத்தின் வேல்யூவையும் ஓல்டுவேல்யூவோடு (மாற்றும் முன் இருந்ததோடு) ஒப்பிட்டு, வேறாக இருந்தால் பழையது, புதியது, விண்டோஸ் லாகின், நேரம் எல்லாம் தனி டேபிளில் விழும். ஆஃப்டர் அப்டேட்டில் வைத்தால் பிரயோசனமில்லை; அதற்குள் சேவ் ஆகி இரண்டும் ஒன்றாகிவிடும்.

இது எங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு லாட்டில் டையிங் (சாயப்பட்டறை) பில் 482 கிலோ, எங்கள் கணக்கில் 428. ஐம்பத்து நாலு கிலோவுக்கு அவர் பில்லில் கழிக்க டெபிட் நோட் அடிக்கத் தயாராகிவிட்டோம். பதிவைத் திறந்தால், முதலில் சரியாக 482தான் போட்டிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் வேறு லாட்டைத் திருத்தப் போன எங்கள் பையனே இதில் கைவைத்திருக்கிறான். இருபது வருசப் பழக்கமுள்ள டையிங்காரர் முகத்தில் எப்படி முழித்திருப்போம்?

ஆனால் காலிக் கட்டம் என்றால் எனக்கு இன்றும் கோபம் வரும். "ஷேடு மாறியிருக்கு, பார்ட்டி ஒத்துக்கிட்டாங்க" என்று ரிமார்க்கில் இருந்த வரியை யாரோ அழித்துவிட்டார்கள். பதிவில் ஒன்றுமே இல்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: அழித்த கட்டம் 'நல்' (Null, மதிப்பே இல்லாத நிலை) ஆகிவிடுகிறது. 'நல்'லோடு எதை ஒப்பிட்டாலும் விடை 'நல்'தான். கோடில் உள்ள இஃப் (If) அதை "இல்லை" என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். எரர் கூட வராது. எழுதியதை அழிப்பதுதானே முதலில் பிடிபட வேண்டிய வேலை!

'நல்'லுக்குப் பதில் நாம் சொல்லும் மதிப்பைத் தரும் என்இசட் (Nz) ஃபங்ஷன் போட்டுச் சரிசெய்தேன். அதிலும் அவசரத்தில் காலியைப் பூஜ்யமாக்கிவிட்டேன். எங்கள் தொழிலில் ரேட் 0 என்றால் இலவச ரீடையிங் (மறுபடி சாயமிடுவது). காலி என்றால் ரேட் இன்னும் பேசவில்லை. இரண்டும் ஒன்றாகுமா? காலியை வெற்று எழுத்தாக மாற்றிய பிறகே நிம்மதி.

ஃபார்மை விட்டு டேபிளை நேராகத் திறந்து மாற்றினாலும், பல வரிகளை ஒரே கட்டளையில் மாற்றும் அப்டேட் க்வெரி ஓட்டினாலும் இந்தப் பதிவுக்குத் தெரியவே தெரியாது. ஆக்சஸ் 2010 முதல், டேபிளிலேயே வைக்கிற, அதில் மாற்றம் நடந்தால் தானே ஓடும் டேட்டா மேக்ரோ இருக்கிறது. அது அதையும் பிடிக்கும். நான் ஆரம்பத்திலேயே அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்.

என் ஃபார்மிலிருந்து இதை எடுக்க மாட்டேன். ஆனாலும் தம்பி, உங்களைப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போட்டே தீருவதென்றால், முதல் நாளே ஒரு ரிமார்க்கை அழித்துச் சேவ் பண்ணிப் பதிவு விழுகிறதா என்று பாருங்க. அப்புறம் மற்றதைப் பேசுவோம்.