மீசைக்கு மேல் வெள்ளை: 1966 பேட்மேன் தொடர், 13 ப்ளூ-ரே டிஸ்க்

ஜோக்கருக்கு மீசை இருக்கிறது. 1966ல் ஆரம்பித்த பேட்மேன் டிவி தொடரில் அந்த வில்லன் வேஷம் கட்டிய சீசர் ரொமேரோ, மீசையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் மீசைக்கு மேலேயே வெள்ளையைப் பூசி கேமரா முன்னால் நிறுத்தினார்கள். தொடரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்கிற கதைதான். ஆனால் காதால் கேட்பது வேறு, ப்ளூ-ரேயில் படத்தை நிறுத்திவைத்துக் கண்ணால் பார்ப்பது வேறு.

இருபது வருஷமாகச் சீரியல்களுக்கு மேக்கப் போடுகிறேன். வளசரவாக்கத்து ஷூட்டிங் வீடுகளில் விடியற்காலை ஐந்து மணிக்கே கண்ணாடி முன்னால் நிற்கிறவள். அதனால் இந்த விமர்சனத்தில் கதையைவிட முகங்களும் துணிகளும் அதிகமாக வரும்.

அமெரிக்காவிலிருந்து வந்த சித்தி மகனிடம் சொல்லி வாங்கி வரச் சொன்னேன். 13 டிஸ்க், மூன்று சீசன், 120 எபிசோடு. தொடரை எடுத்த ஸ்டுடியோ ஒன்று, பாத்திரங்களின் உரிமை வைத்திருந்தவர்கள் வேறு. அந்த இழுபறியில் 2014 நவம்பர் வரைக்கும் முழுத் தொடரும் வீட்டு வீடியோவாக வரவே இல்லை. அத்தனை வருஷக் காத்திருப்புக்கு ஈடாக வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். நிறம் அப்படிப் பளிச்சிடுகிறது. பென்குயின் என்ற வில்லனின் ஊதா நிறத் தொப்பியும் இன்னொரு வில்லன் ரிட்லரின் பச்சையும் நேற்றுச் சாயம் போட்ட துணி மாதிரி இருக்கின்றன.

என்னிடம் வேலை கற்றுக்கொள்கிற பெண்ணைக் கூப்பிட்டு ஜோக்கர் வருகிற முதல் எபிசோடைப் போட்டேன். மூக்குக்குக் கீழே வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற இடத்தில் நிறுத்தினேன். வெள்ளைக்கு அடியில் முடி கற்றை கற்றையாகப் படுத்திருப்பது தெரிந்தது. மீசை நுனியில் பூச்சு கொஞ்சம் திரண்டு நிற்கிறது. முடியை மறைக்க வேண்டுமென்றால் முதலில் சோப்பைக் குழைத்துத் தடவி, தோலோடு படியவைத்து, காய்ந்த பிறகுதான் மேலே பூச்சு போடுவோம். அடர்த்தியான மீசைக்கு அதுவும் முழுசாக உதவாது. பேசப் பேச உதடு அசையும், பூச்சு வெடிக்கும். "அக்கா, இதை எப்படி நாள் முழுக்க வைத்திருந்தார்கள்?" என்று அவள் கேட்டாள். அன்றைய டிவிப் பெட்டியின் திரைக்கு இந்தப் பூச்சு போதும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இன்றைய திரை அதைக் காட்டிக்கொடுக்கிறது. எனக்கு அது குறையாகவே படவில்லை. அந்த மனிதர் சிரிக்கிற சிரிப்பில் மீசை நினைவுக்கே வராது.

எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். மேக்கப் என்ற இடத்தில் பென் நை என்று வரும். பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் மேக்கப் துறைக்குத் தலைவராக இருந்தவர் அவர். எங்கள் பெட்டியில் இருக்கிற அந்த மஞ்சள் நிறப் பவுடர் டப்பாவில் இருப்பது அவர் ஆரம்பித்த கம்பெனியின் பெயர். எத்தனை கல்யாணப் பெண்களுக்கு அதைத் தொட்டுத் தொட்டு வைத்திருப்பேன்!

பென்குயினாக வரும் பர்ஜெஸ் மெரிடித்துக்கு ஒட்டு மூக்கு. அது முகத்தோடு சேர்கிற ஓரத்தை எவ்வளவு தேடினாலும் லேசில் பிடிபடாது, அப்படி ஒரு கை. அவர் வாத்து மாதிரி கத்துகிறாரே, அது எழுதிவைத்த நடிப்பு இல்லை. எப்போதோ சிகரெட்டை விட்டவர். வேஷத்துக்காகப் பிடிக்கிற சிகரெட் புகை தொண்டையில் போய் இருமல் வந்தது. இருமலை மறைக்கக் கத்தினார், அதுவே பாத்திரத்தின் அடையாளம் ஆகிவிட்டது. ரிட்லராக வந்த ஃபிராங்க் கோர்ஷினுக்கு உடம்பை ஒட்டிப் பிடிக்கிற உடுப்பு பிடிக்கவில்லை. அவருக்காகக் கேள்விக்குறி போட்ட கோட்டு சூட்டும் தொப்பியும் தைத்தார்கள். அந்த வேஷத்துக்கு எம்மி விருதுப் பரிந்துரையும் கிடைத்தது. கேட்வுமன் ஜூலி நியூமர் தன் உடுப்பைத் தானே திருத்தியவர். பெல்ட்டை இடுப்பிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான் மாற்றம், ஆனால் நடையே மாறித் தெரிகிறது. மூன்றாவது சீசனில் அதே வேஷம் எர்தா கிட்டுக்குப் போனது. அவர் குரலில் ஒரு உறுமல் இருக்கிறதே, அதற்கு மேக்கப்பே தேவையில்லை.

கதாநாயகனின் முகமூடியையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஆடம் வெஸ்ட் போட்டிருக்கிற அந்த முகமூடியில் புருவமும் மூக்கின் கோடும் வெளிர்நீலத்தில் தீட்டியவை. பாதி முகம் மூடிக் கிடக்க, அந்த மனிதர் வாயையும் குரலையும் மட்டும் வைத்து 120 எபிசோடு ஓட்டியிருக்கிறார். துளியும் சிரிக்காமல், எதிரில் நடக்கிற கூத்தையெல்லாம் நிஜம் என்று நம்பிப் பேசுகிறார். தொடர் நிற்பதே அந்த நம்பிக்கையில்தான்.

சுவர் ஏறும் காட்சிகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. செட்டைத் தரையில் படுக்கப்போட்டு, கேமராவைச் சாய்த்துவைத்து எடுத்தார்கள். பேட்மேனும் ராபினும் உண்மையில் தரையில் குனிந்து நடக்கிறார்கள். மேலங்கி கீழே தொங்குகிற மாதிரி தெரிய அதைக் கயிறு கட்டி இழுத்துப் பிடித்தார்கள். துணி விழுகிற விதத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். நடுவில் ஒரு ஜன்னல் திறந்து அன்றைய பிரபலங்களான ஜெர்ரி லூயிஸோ சாமி டேவிஸ் ஜூனியரோ எட்டிப் பார்ப்பார். கிரீன் ஹார்னெட் தொடரின் வேன் வில்லியம்ஸும் புரூஸ் லீயும்கூட அப்படி ஒரு ஜன்னலில் வருகிறார்கள்.

பேட்மொபைல் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது. 1955ல் லிங்கன் கம்பெனிக்காக இத்தாலியில் கையால் செய்த ஃபியூச்சுரா என்ற காட்சிக் கார் அது. ஜார்ஜ் பாரிஸ் அதை ஒரு டாலருக்கு வாங்கி, மூன்று வாரத்தில் இப்படி மாற்றினார். 2013ல் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் போனது.

கூடுதல் காட்சிகளில் தவறவிடக் கூடாதது, முதல் இரண்டு எபிசோடுகளை ஆடம் வெஸ்ட் தன் ஸ்கிரிப்ட் குறிப்புகளோடு விளக்குகிற பகுதி. லைல் வேகனர் பேட்மேனாக நடித்துக் காட்டிய டெஸ்ட் ஷூட்டும் இருக்கிறது. ஆள் அழகுதான். ஆனால் ஆடம் வெஸ்ட்டை ஏன் எடுத்தார்கள் என்பது அரை நிமிஷத்தில் விளங்கும். மேக்கப், தையல் ஆட்களுக்கென்று தனியாக ஒரு பகுதி இல்லாதது எனக்குப் பெரிய மனக்குறை. இத்தனை வேஷங்களை உருவாக்கியவர்களைப் பற்றி அரை மணி நேரம் பேச விஷயமா இல்லை? 1966ல் இதே நடிகர்கள் நடித்து வந்த சினிமாவும் இந்தப் பெட்டியில் சேரவில்லை, அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது சீசனில் பணம் குறைந்தது கண்ணுக்குத் தெரிகிறது. இருட்டான வெறும் மேடையில் நாலு பொருளை வைத்துவிட்டு வில்லனின் கூடாரம் என்கிறார்கள். பேட்கேர்ள் இவான் கிரெய்க் வருகிற காட்சிகள்தான் அந்த சீசனைத் தாங்குகின்றன. முறையாக பாலே பயின்றவர், சண்டையில் காலைத் தூக்குகிற அழகிலேயே அது தெரியும். மற்றதை வேகமாக ஓட்டிவிடலாம்.

இரண்டாவது சீசனில் கிளாக் கிங் என்ற வில்லன் வருகிற இரண்டு எபிசோடுகளை மட்டும் தவறாமல் பாருங்கள். கதை சுமார்தான். ஆனால் எழுதியவர்கள் பெயரில் பில் ஃபிங்கர் என்று வரும். காமிக்ஸில் பேட்மேனை உருவாக்கியதில் பாதிப் பங்கு அவருடையது. ஆனாலும் ஓவியர் பாப் கேனின் பெயரை மட்டுமே போட்டு வந்தார்கள். ஃபிங்கர் 1974ல் இறந்துபோனார். பாத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரையும் போட ஆரம்பித்தது 2015ல். இந்த 120 எபிசோடுகளில் அவர் பெயர் திரையில் வருவது இந்தக் கதைக்கு மட்டும்தான். அந்த இடத்திலும் படத்தை நிறுத்தி, பெயரை வாய்விட்டுப் படித்தேன்.

என் உதவிப் பெண் முதல் சீசன் டிஸ்க்குகளை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். நேற்று ஷூட்டிங்கில் ஒரு மாமனார் பாத்திரத்துக்குக் கிருதாவை மறைக்க வேண்டியிருந்தது. நான் சொல்வதற்கு முன்பே சோப்பைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நின்றாள்.